இரண்டு மூன்று நிமிஷம்

1

நீட் தேர்வின் மேல் நமக்கெல்லாம் கோபம் இருக்கிறது. இருக்க வேண்டியதுதான். ஆனால் அந்தக் கோபத்தின் நிழலில் ஓர் ஏக்கமும் வளர்ந்துகொண்டிருக்கிறது. ஓசூரில் ஐந்தாறு பேர் கூடியிருந்த ஒரு மாலையில், நான் மதிக்கும் கவிஞர் ஒருவர் அதை வெளிப்படையாகவே சொன்னார். 'மெஷின் திருத்துகிற பரிட்சை மனிதனை அறியாது. டாக்டராகப் போகிறவனை இன்னொரு மனிதன் நேரில் பார்க்க வேண்டும். இரக்கம் உள்ளவனா இல்லையா என்பது அவன் கண்ணிலேயே தெரிந்துவிடும். பழையபடி இண்டர்வியூ வர வேண்டும்.' சுற்றியிருந்தவர்கள் தலையாட்டினார்கள். நானும் ஒரு கணம் ஆட்டியிருப்பேன். வார்த்தைகள் அவ்வளவு அழகாக இருந்தன.

வீட்டுக்குத் திரும்பும் வழியில்தான் 'பழையபடி' என்ற சொல் உறுத்த ஆரம்பித்தது. எந்தப் பழையபடி? இன்று ஐம்பது வயதுக்குள் இருப்பவர்கள் அந்த இண்டர்வியூவைப் பார்த்ததில்லை. பார்க்காத ஒன்றின்மேல் ஏக்கம் கொள்வது கவிதையில் அனுமதிக்கப்பட்ட விஷயம். ஒரு பையனுடைய, ஒரு பெண்ணுடைய வாழ்க்கையைத் தீர்மானிக்கும் காரியத்தில் அதற்கு அனுமதி கிடையாது. எனவே பழையது என்னவாக இருந்தது என்பதை முதலில் பார்த்துவிடலாம்.

2

ஓசூர் எல்லைப்புறம். நாற்பது கிலோமீட்டரில் பெங்களூர். தெருவில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதுவும் கலந்து ஓடுகின்றன. எல்லைக்கு இந்தப் பக்கத்தில் நடந்ததையும் அந்தப் பக்கத்தில் நடந்ததையும் சேர்த்துப் பார்க்க நமக்குக் கழுத்தைத் திருப்பினால் போதும்.

முதலில் அந்தப் பக்கம். அன்றைய மைசூர் அரசு மெடிகல், எஞ்சினியரிங் காலேஜ்களுக்கு ஆள் எடுக்க, விருப்பப் பாடங்களின் மொத்த மார்க்கில் 25 சதவிகிதம் அளவுக்கு இண்டர்வியூ மார்க் வைத்திருந்தது. எதற்கெல்லாம் மார்க் போட வேண்டும் என்று ஒரு பட்டியலும் உண்டு: பொது அறிவு, இயல்பான நாட்டமும் ஆளுமையும், முந்தைய படிப்பில் பெற்ற சிறப்புகள், என்.சி.சி., பிறகு விளையாட்டு, சமூக சேவை, சொற்போட்டி, நாடகம். சித்ரலேகா வழக்கில் 1964இல் சுப்ரீம் கோர்ட் இந்த முறை செல்லும் என்றது. நீதிபதி சுப்பா ராவ் எழுதிய பெரும்பான்மைத் தீர்ப்பு அது. பட்டியலை இன்னொரு முறை படித்துப் பாருங்கள். சொற்போட்டியும் நாடகமும் எந்தப் பள்ளிக்கூடங்களில் நடந்தன? தளி, அஞ்செட்டிப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் அன்று நாடக மேடை இருந்திருக்கும் என்று யாராவது நினைக்கிறீர்களா? ஆளுமை என்ற பெயரில் அங்கே அளக்கப்பட்டது, ஆளுமையைக் காட்டிக்கொள்ள ஏற்கெனவே கிடைத்திருந்த வசதி.

இனி இந்தப் பக்கம். சென்னை மாநிலம் மெடிகல் சீட்டுகளை ஜனத்தொகைக் கணக்கில் ஜில்லா வாரியாகப் பங்கிட்டது. ராஜேந்திரன் வழக்கில் 1968இல் கோர்ட் அதை ரத்து செய்தது. ஒரு ஜில்லாவில் அதிக மார்க் வாங்கியவன் வெளியே நிற்க, இன்னொரு ஜில்லாவில் குறைந்த மார்க்காரன் உள்ளே போகலாம். ஒரே தகுதிக்கு ஒரே அளவுகோல் இல்லை. அடுத்தபடி அரசு யூனிட் முறையைக் கொண்டுவந்தது. சென்னை நகரத்துக் கல்லூரிகள் சேர்ந்து ஒரு யூனிட், வெளியூர்க் கல்லூரி ஒவ்வொன்றும் ஒரு யூனிட், ஒவ்வொரு யூனிட்டுக்கும் தனித்தனித் தேர்வுக் கமிட்டி. மொத்தம் 275 மார்க்கில் 75 இண்டர்வியூவுக்கு. பெரியகருப்பன் வழக்கில் 1970 செப்டம்பரில் இந்த யூனிட் முறையும் விழுந்தது. அதோடு, இண்டர்வியூவுக்கு ஒதுக்கிய மார்க் அதிகம், அரசு இதை மறுபரிசீலனை செய்வது நல்லது என்றும் கோர்ட் சொல்லிவைத்தது.

75 மார்க் என்பது கேட்பதற்கு நான்கில் ஒரு பங்கு போலத் தோன்றும். அது ஒரு பிரமை. 200 மார்க் பாடத்தில் போட்டிக்கு வருகிறவர்கள் எல்லோரும் கிட்டத்தட்ட ஒரே உயரத்தில் நெருக்கியடித்து நிற்கிறார்கள். ஒருவன் 172, இன்னொருவன் 166. இரண்டு வருஷ உழைப்பு இருவருக்கும் இடையே ஆறு மார்க் வித்தியாசத்தை உண்டாக்கியிருக்கிறது. அறைக்குள் முதலாமவனுக்கு 40, இரண்டாமவனுக்கு 55. ஆறை உண்டாக்க இரண்டு வருஷம். பதினைந்தை உண்டாக்க ஒரு கேள்வியும் ஒரு புன்னகையும். பாடத்தின் 200 வெறும் நுழைவுச் சீட்டாகிவிடுகிறது. தேர்வு என்னும் காரியம் முழுவதும் அந்த 75க்குள் நடந்து முடிகிறது.

மூன்றாவது வழக்கு மெடிகல் சீட்டைப் பற்றியதல்ல. ஸ்ரீநகர் எஞ்சினியரிங் காலேஜைப் பற்றியது. என்றாலும் இண்டர்வியூ என்ற ஸ்தாபனத்தைப் பற்றி இதைவிடத் தெளிவான ஆவணம் நம்மிடம் இல்லை. அஜய் ஹாசியா வழக்கு, 1980 நவம்பர். 150 மார்க்கில் 50 இண்டர்வியூவுக்கு. ஒருவருக்கு ஆன நேரம் சராசரியாக இரண்டு மூன்று நிமிஷம். கேட்டதெல்லாம் அப்பா யார், எந்த ஊர் என்பதுதான் என்றார்கள் வழக்குப் போட்டவர்கள். நீதிபதி பகவதி எழுதிய தீர்ப்பு, 15 சதவிகிதத்துக்கு மேல் போனால் அது தன்னிச்சை என்றது. இண்டர்வியூவை டேப்பில் பதிவு செய்வது நல்லது என்றும் சொன்னது. சொல்லிவிட்டு, காலம் கடந்துவிட்டதால் நடந்து முடிந்த தேர்வை ரத்து செய்யாமல் விட்டது. தப்பு என்று தெரிந்த பிறகும் நின்றுவிடுகிற தப்பு. இண்டர்வியூவின் சரித்திரத்தில் இது விதிவிலக்கல்ல.

நண்பர் சொன்ன 'பழையபடி' இதுதான். கண்ணில் இரக்கத்தைத் தேட இரண்டு மூன்று நிமிஷம். அதில் அப்பா பெயருக்கு ஒரு நிமிஷம் போய்விடும்.

3

இதைச் சொல்கிறவனுக்குச் சொந்தக் காயம் ஏதாவது உண்டோ என்று சந்தேகப்படுவீர்கள். இல்லை. மெடிகல் காலேஜுக்கு விண்ணப்பம் போடுகிற அளவுக்கே நான் மார்க் வாங்கியதில்லை. சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையில் இன்ஸ்பெக்ஷன் மேஜையில் பல வருஷம் உட்கார்ந்திருந்தவன். தேர்ந்தெடுப்பதும் தள்ளுவதும்தான் என் ஜீவனமாக இருந்தது. என் தரப்பு அந்த மேஜையின் தரப்பு.

அந்த மேஜையில் பிளக் கேஜ் என்று ஒன்று உண்டு. ஒரு முனை 'கோ', மறு முனை 'நோ-கோ'. துளைக்குள் 'கோ' போக வேண்டும், 'நோ-கோ' போகக் கூடாது. அவ்வளவுதான். துளையின் கண்ணைப் பார்த்து அதன் குணத்தைத் தெரிந்துகொள்ளும் இன்ஸ்பெக்டர் அங்கே மதிக்கப்படுவதில்லை. அவன் எவ்வளவு அனுபவசாலியாக இருந்தாலும் சரி.

இதிலே ஒரு விஷயம் நம் விவாதத்துக்கு முக்கியம். அளக்கும் முறையையே அளக்க வேண்டும் என்பது எந்தச் சாதாரணத் தொழிற்சாலையிலும் விதி. பத்து பீஸை எடுத்துக்கொள்வார்கள். மூன்று பேரிடம் கொடுப்பார்கள். ஒவ்வொருவரும் இரண்டு முறை அளப்பார்கள், முந்தின கணக்கைப் பார்க்காமல். ஒரே ஆளின் இரண்டு கணக்குகள் ஒத்துவருகின்றனவா, மூன்று பேரின் கணக்குகள் ஒத்துவருகின்றனவா என்று பார்ப்பார்கள். ஒத்துவரவில்லை என்றால் அந்த முறையால் எந்தப் பீஸையும் தள்ளும் அதிகாரம் யாருக்கும் இல்லை. தள்ளிய பீஸுக்கு ஒரு சீட்டுக் கட்ட வேண்டும். அதில் என்ன குறை, எவ்வளவு குறை, தள்ளியவர் யார் என்று எழுத வேண்டும்.

ஒரு போல்ட்டுக்குக் கிடைத்த இந்த நியாயம் 1970இல் மெடிகல் சீட் கேட்டு வந்த பதினேழு வயதுப் பெண்ணுக்குக் கிடைக்கவில்லை. அவளை இரண்டு கமிட்டிகளின் முன் நிறுத்திப் பார்த்தவர் யார்? தள்ளிய காரணத்தை எழுதித் தந்தவர் யார்?

அமெரிக்காவில் ஒரு தடவை இந்தச் சோதனை தற்செயலாக நடந்தது. 1979இல் ஹூஸ்டனில் உள்ள டெக்ஸாஸ் பல்கலைக்கழக மெடிகல் காலேஜ், இண்டர்வியூ வைத்து 150 பேரைத் தேர்ந்தெடுத்து முடித்திருந்தது. அதன் பிறகு மாநிலச் சட்டசபை இன்னும் 50 பேரைச் சேர்க்கச் சொல்லிற்று. மிச்சமிருந்தவர்கள், இண்டர்வியூவில் கீழே தள்ளப்பட்டவர்கள்தான். அவர்களிலிருந்து 50 பேரை எடுத்தார்கள். படிப்பிலும் சரி, வார்டில் நோயாளிகளைப் பார்த்த விதத்திலும் சரி, இரண்டு கூட்டத்துக்கும் சொல்லத்தக்க வித்தியாசம் இல்லை என்று பிறகு ஆராய்ந்தவர்கள் 1987இல் வெளியிட்டார்கள். அறைக்குள் உட்கார்ந்தவர்கள் பார்த்ததாக நம்பிய வித்தியாசம் வெளியே எங்குமே இல்லை. கண்ணில் இரக்கம் தெரியும் என்ற நம்பிக்கைக்கு இதைவிடக் கடுமையான மறுப்புரை எழுத என்னால் முடியாது.

4

இங்கே நிறுத்திவிட்டால் என்னை நீட்டின் வக்கீல் என்று நினைப்பீர்கள். அந்த எண்ணத்தைக் கலைக்க வேண்டும். சீர்மை வேறு, நியாயம் வேறு.

லண்டனில் செயின்ட் ஜார்ஜ் ஆஸ்பத்திரியின் மெடிகல் காலேஜில் நடந்தது. விண்ணப்பங்களைப் படித்து யாரை இண்டர்வியூவுக்குக் கூப்பிடுவது என்று தீர்மானிக்கும் வேலையை, ஆளுக்கு ஆள் மாறுகிறது என்ற காரணத்தால், ஒரு கம்ப்யூட்டர் புரோகிராமிடம் கொடுத்தார்கள். எழுபதுகளின் கடைசியில் ஆரம்பித்த வேலை. பழைய ஆசிரியர்களின் முடிவுகளை அது தொண்ணூறு சதவிகிதத்துக்கு மேல் அப்படியே திருப்பிச் சொல்லிற்று. எல்லோருக்கும் சந்தோஷம். 1988இல் இன சமத்துவக் கமிஷன் விசாரித்து அறிக்கை தந்தபோது உள்ளே இருந்தது தெரிந்தது: பெயர் ஐரோப்பியப் பெயராக இல்லாவிட்டால் மதிப்பெண்ணில் வெட்டு, பெண்ணாக இருந்தால் ஒரு வெட்டு. மெஷின் இதைக் கண்டுபிடிக்கவில்லை. மனிதர்கள் வருஷக்கணக்கில் அரைகுறையாகவும் தன்னினைவில்லாமலும் செய்துவந்ததை அது பிசகில்லாமல் கற்றுக்கொண்டது. மனிதக் கண்ணின் மேல் நம்பிக்கை வைக்கிற நம் நண்பர்கள், அந்தக் கண்ணின் நகல் என்னவாக இருந்தது என்பதை இங்கே பார்க்கலாம்.

கேஜ் மேஜையிலும் இது உண்டு. 'கோ' முனை நாளாவட்டத்தில் தேய்ந்து சிறுத்துவிடும். அப்போது அது சின்னத் துளைக்குள்ளும் போய்விடும். ஒவ்வொரு தடவையும் போகும். மூன்று பேர் வைத்துப் பார்த்தாலும் போகும். முழுச் சீர்மை, முழுத் தப்பு. அதனால்தான் கேஜையே அவ்வப்போது மாஸ்டரோடு ஒப்பிட வேண்டியிருக்கிறது.

நீட்டின் மேல் நம் குற்றச்சாட்டு இங்கேதான் இருக்க வேண்டும். அது மெஷின் திருத்துவது என்பது குற்றச்சாட்டல்ல. எதை அளக்கிறோம் என்று சொல்லிக்கொண்டு எதையோ அளக்கிறது, அளவுகோலை ஒப்பிட மறுக்கிறது என்பதுதான் குற்றச்சாட்டு. தமிழ்நாட்டில் நுழைவுத் தேர்வு 1984இல் வந்தது, 2007இல் சட்டத்தால் போயிற்று, 2017இல் நீட்டாகத் திரும்பி வந்தது. பிளஸ் டூவில் 1200க்கு 1176 வாங்கிய அரியலூர் மாவட்டத்து அனிதா அந்த வருஷம் செப்டம்பரில் இறந்துபோனாள். அதற்கு முந்தின வருஷங்களில் மெடிகல் சேர்ந்தவர்களில் பத்து சதவிகிதத்துக்கு மேல் இருந்த தமிழ் மீடியம் மாணவர்கள் அந்த வருஷம் இரண்டுக்கும் கீழே இறங்கினார்கள். ஏ.கே. ராஜன் கமிட்டி 2021இல் தந்த அறிக்கை இதைக் கணக்காகவே வைத்தது. தமிழ் மீடியப் பிள்ளைகளின் மூளை ஒரு கோடை விடுமுறையில் சுருங்கிப்போயிருக்க முடியாது. மாறியது கேஜ். கோச்சிங்குக்குப் பணம் கட்டியவன் துளைக்குள் போகிற கேஜ். 2020இல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவிகித ஒதுக்கீடு சட்டமாக வந்தது, கேஜ் கோணல் என்று அரசே கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம்.

ஆனால் கோணல் கேஜுக்கு மாற்று, கேஜே இல்லாமல் போவதா? நீட்டில் தோற்கும் அதே பெண்தான் இண்டர்வியூவிலும் தோற்பாள். இங்கிலீஷ் வராததால், செருப்பு சரியில்லாததால், நாடகத்தில் நடித்திராததால், அப்பாவின் வேலையைச் சொல்லும்போது குரல் இறங்கியதால். ஒரு வித்தியாசம்: நீட்டில் தோற்றால் இவ்வளவு மார்க் குறைந்தது என்று தெரியும், அளவுகோல் கோணல் என்று கத்தலாம், கமிட்டி போட்டு எண்ணலாம். இண்டர்வியூவில் தோற்றால் 'உனக்கு இரக்கம் போதவில்லை' என்பதுதான் தீர்ப்பு. அதை எந்தக் கமிட்டியிடம் போய் எண்ணச் சொல்வது?

5

நண்பர்கள் கடைசியாக வேலூரைக் காட்டுவார்கள். காட்ட வேண்டியதுதான். கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி இண்டர்வியூவைக் கௌரவமாக நடத்திய இடம். அங்கே இரண்டு மூன்று நிமிஷமில்லை, நாள் கணக்கு. பலர் பார்த்தார்கள், குழுவாக வேலை செய்யவைத்துப் பார்த்தார்கள். தங்கள் முறையைக் கைவிட மனமில்லாமல் 2017இல் எம்.பி.பி.எஸ். சீட் 100இல் ஒரே ஒருவரை மட்டும் சேர்த்துக்கொண்டு 99ஐக் காலியாக விட்டார்கள். சிறுபான்மைக் கல்லூரிக்கும் நீட் கட்டாயம் என்று 2020 ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட் முடித்துவைத்தது. அந்த 99 காலி நாற்காலிகளின் மேல் எனக்கு மரியாதை உண்டு.

ஆனால் வேலூர் எதை நிரூபிக்கிறது? அங்கே இண்டர்வியூ தனியாக நிற்கவில்லை. ஒரு திருச்சபை அந்தப் பிள்ளையை முன்னிறுத்தியது. படித்து முடித்ததும் மிஷன் ஆஸ்பத்திரியில் இரண்டு வருஷம் வேலை செய்ய வேண்டும் என்ற கட்டுப்பாடு இருந்தது. சேவை மனப்பான்மை இருக்கிறதா என்று கண்ணில் தேடிவிட்டு அத்தோடு நிறுத்திக்கொள்ளவில்லை. சேவையையே கேட்டு வாங்கினார்கள். கிராமத்துக்கு டாக்டர் போக வேண்டும் என்றால், போவானா என்று பதினேழு வயதில் முகத்தைப் பார்ப்பதைவிட, போகச் சொல்வது நேர்மையானது. அறையைக் கடன் வாங்க நினைக்கிறவர்கள் இந்தக் கடமையைக் கடன் வாங்கப் பேசுவதில்லை.

கிருஷ்ணகிரிக்கு இது நேரான விஷயம். 1970இல் ஓசூர் மாணவனுக்கு மிக அருகிலிருந்த அரசு மெடிகல் காலேஜ், 1955இல் தொடங்கிய பெங்களூர்க் கல்லூரி. ஆனால் அது வேற்று மாநிலம். சேலத்துக்குக் கல்லூரி 1986இல் வந்தது, தர்மபுரிக்கு 2008இல், கிருஷ்ணகிரிக்கு 2022 ஜனவரியில், தமிழ்நாட்டில் ஒரே நாளில் திறந்த பதினொன்றில் ஒன்றாக. கட்டடம் வந்துவிட்டது. அதற்குள் உட்காரப்போவது யார் என்பதுதான் இனி கேள்வி. அங்கே ஒரு பெரிய மேஜையும் ஐந்து நாற்காலியும் போட்டு, எதிரே ஒரு நாற்காலி போட்டால், தேன்கனிக்கோட்டையிலிருந்து வருகிற பெண் எந்த நாற்காலியில் உட்காருவாள் என்று நமக்குத் தெரியும். ஐந்து நாற்காலிகளில் யார் உட்காருவார்கள் என்பதும் தெரியும்.

இண்டர்வியூ இருந்தே தீர வேண்டுமென்றால் அதற்கும் வழி உண்டு. கனடாவில் மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தார் கண்டுபிடித்து 2004இல் எழுதினார்கள்: ஒரு பெரிய அறைக்குப் பதில் பத்து சின்ன அறை, ஒவ்வொன்றிலும் எட்டு நிமிஷம், ஒரே ஒரு ஆள், முன்கூட்டியே எழுதிவைத்த ஒரே சூழ்நிலை, ஒரு அறையில் போட்ட மார்க் அடுத்த அறைக்குத் தெரியாது. ஒருவரின் விருப்பு வெறுப்பு பத்தில் ஒன்றாகக் கரைந்துவிடும். மேஜைக்காரர்கள் இதைப் பார்த்துச் சிரிப்பார்கள். மூன்று பேர், பத்து பீஸ் என்று அவர்கள் எப்போதோ செய்ததுதான். ஆனால் அந்தச் சூழ்நிலைகளை எழுதுவது யார், எந்தப் பாஷையில் என்று கேட்டால், கேஜ் ரூமுக்குள் மறுபடி போக வேண்டியிருக்கும். போகத்தான் வேண்டும். அதில் ஓய்வு கிடையாது.

6

இதையெல்லாம் கவிதை விமர்சனப் பத்திரிகையில் ஏன் எழுத வேண்டும்? காரணம் இருக்கிறது. நண்பரின் ஏக்கம் மெடிகல் காலேஜைப் பற்றியதே அல்ல. அது நம்மைப் பற்றியது. நுண்ணுணர்வு உள்ளவன் பார்த்த மாத்திரத்தில் தெரிந்துகொள்வான் என்பது நம் வட்டத்தின் அடிப்படை மௌடீகம். இரண்டு வரி படித்ததும் இவன் கவிஞன், இவன் இல்லை என்று சொல்லிவிடுகிறோம். தபாலில் வந்த கவிதைக்குக் காரணம் எழுதாமல் திருப்பி அனுப்புகிறோம். ஊர், பெயர், யார் சொல்லி அனுப்பியது என்று பார்த்துவிட்டுத்தான் படிக்கவே ஆரம்பிக்கிறோம். நாமும் ஒரு கமிட்டிதான். எதிரே நாற்காலிகூடப் போடாத கமிட்டி.

ரஸனையை மார்க்காக்க முடியாது என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன். கவிதைக்கு 'கோ', 'நோ-கோ' கிடையாது. ஆனால் இதிலிருந்து வரும் முடிவு என்ன? அளக்க முடியாத இடத்தில் காரணம் சொல்லும் கடமை கூடுகிறது, குறைவதில்லை. விமர்சனம் என்று ஒன்று இருப்பதே அதற்காகத்தான். உனக்குப் பிடிக்கவில்லையா, எந்த வரி, ஏன் என்று எழுது. கீழே உன் பெயரைப் போடு. அடுத்த இதழில் மறுப்பு வந்தால் பதில் சொல். இந்த மூன்றும் இல்லாத தீர்ப்பு, நுண்ணுணர்வு என்று தனக்குப் பெயர் வைத்துக்கொண்ட அதிகாரம். கவிதை விஷயத்தில் அதனால் ஒரு கவிஞனின் பத்து வருஷம் வீணாகலாம். மெடிகல் சீட் விஷயத்தில் ஒரு தாலுகாவுக்கு டாக்டர் இல்லாமல் போகலாம்.

எனவே அந்தக் கவிஞ நண்பருக்கு: இண்டர்வியூவை மறுபடி கொண்டுவரக் கையெழுத்துக் கேட்டு வந்தால் நான் போடமாட்டேன். நீட்டை நீக்கக் கேட்டு வாருங்கள், போடுகிறேன். இண்டர்வியூ வேண்டும் என்றுதான் நிற்பீர்களானால், தள்ளப்பட்ட ஒவ்வொரு பிள்ளையின் கையிலும் ஒரு சீட்டுக் கொடுக்கச் சம்மதியுங்கள். என்ன குறை, எவ்வளவு குறை, தள்ளியவர் யார். அதற்கு முன்னால் ஒரு சின்னக் காரியம். என்னிடமிருந்து உங்களுக்குப் போன வருஷம் வந்த மூன்று கவிதைகளைத் திருப்பி அனுப்பினீர்கள். நல்ல கவிதைகள் அல்ல என்றே இப்போது எனக்கும் தோன்றுகிறது. இருந்தாலும் சீட்டு இல்லை.